பணம் கொடுத்தவர் யார்? ஒரு கேள்வியின் இந்திய வரலாறு

15 வினாடிக்கு மேற்படாத காணொளியில் 'விளம்பரம்' என்னும் குறிப்பு குறைந்தது 3 வினாடியேனும் திரையில் நிற்க வேண்டும். 15 வினாடியைக் கடந்து 2 நிமிடத்துக்குள் முடியும் காணொளி எனில், மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. 2 நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் காணொளியில், குறிப்பிட்ட பொருளைப் பற்றிய பேச்சு நீடிக்கும் பகுதி முழுவதும். நேரலையாக இருந்தால் தொடக்கத்திலும் முடிவிலும் வாயால் சொல்லியாக வேண்டும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் (ஆஸ்கி) 2021 மே 27 அன்று வெளியிட்டு, அவ்வாண்டு ஜூன் 14 முதல் நடைமுறைப்படுத்திய வழிகாட்டு நெறிகளில் உள்ள கணக்கு இது.

இந்நெறிகளைப் பற்றிய உரையாடல்களில், ஆய்வு மாணவர்களிடமும்கூட, ஓர் எண்ணம் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. யூடியூபும் இன்ஸ்டாகிராமும் வந்தபின் முளைத்த புதிய சிக்கல் இது. அதற்கான புதிய மருந்து இவ்விதிகள் என்பதே அது. நான் இதை ஏற்கவில்லை. பொதுவெளியில் பேசும் ஒருவரிடம் அரசு என்ன கேட்கிறது என்பதற்கு இந்தியாவில் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் மூன்று கேள்விகள் வெவ்வேறு காலங்களில் எழுந்தன: அச்சிட்டவர் யார்? உடைமையாளர் யார்? பணம் கொடுத்தவர் யார்? மூன்றாவது கேள்வி மிகத் தாமதமாக வந்தது. வந்தபோது யாரைப் பார்த்துக் கேட்கப்பட்டது என்பதே இப்பதிவின் கவலை.

முதல் கேள்வி காலனிய அரசினுடையது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்றது. பதிப்பித்தவர் விவரமும் வேண்டும் என்றது. வாசகனுக்கு உதவுவதற்காக எழுந்த விதி அன்று இது. அரசுக்கு ஒவ்வாத எழுத்து வெளிவந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு கட்டுரைக்கு மருந்து வணிகர் காசு கொடுத்தாரா, ஜமீன்தார் காசு கொடுத்தாரா என்பதில் அவ்வரசுக்கு அக்கறை இருக்கவில்லை. இந்த அச்சு மனப்பான்மை விடுதலைக்குப் பிறகும் எளிதில் விடவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1961இல் சேர்க்கப்பட்ட 127ஏ பிரிவைப் பாருங்கள். தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பதே அதன் கட்டளை. கேள்வி 1867இல் கேட்டதுதான்.

இரண்டாவது கேள்வி 1950களுடையது. 1956இல் இயற்றப்பட்ட செய்தித்தாள் பதிவு விதிகளின்படி, ஒவ்வோர் இதழும் ஆண்டுதோறும் பிப்ரவரி முடிந்தபின் 'நான்காம் படிவம்' என்னும் உடைமை அறிக்கையை வெளியிட்டாக வேண்டியிருந்தது. உரிமையாளர் யார், மூலதனத்தில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்போர் யார் என்பவை அதில் வந்தன. பழைய தமிழ் இதழ்களின் மார்ச் மாதப் பக்கங்களைப் புரட்டியவர்கள் அந்தச் சிறு எழுத்துக் கட்டத்தைக் கண்டிருப்பார்கள். பத்திரிகை முதலாளியம் குறித்த அக்காலத்தின் அச்சம் அதில் உறைந்திருக்கிறது. ஆனால் அங்கும் கேட்கப்பட்டது இதழ் யாருடையது என்பதே. அதன் குறிப்பிட்ட ஒரு பத்தி யாருடைய காசில் வந்தது என்று எவரும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் இவ்வரிசை வேறுவிதமாக அமைந்தது. 1912ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, குறைந்த அஞ்சல் கட்டணச் சலுகை பெறும் இதழ்கள் காசு வாங்கி வெளியிடும் செய்திகளின் மேல் 'விளம்பரம்' என்ற சொல்லைத் தெளிவாகப் போட வேண்டும் என்றது. நாளேடுகள் வழக்குத் தொடுத்தன. 1913இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. அரசின் கையில் அஞ்சல் கட்டணம் என்னும் கடிவாளம் இருந்ததால் அது இயன்றது. 1927இன் வானொலிச் சட்டம் அதே கேள்வியை ஒலிபரப்புக்குக் கொண்டுபோனது. இசைத்தட்டுகளை ஒலிபரப்பக் கையூட்டு வாங்கியது 1959இல் அம்பலமானபோது சட்டம் மேலும் இறுகியது. காணொளிக் காலத்தில் கூட்டாட்சி வணிக ஆணையம் அந்நூலையே பிடித்துக்கொண்டு நடந்தது. 2017இல் அவ்வாணையம், சூதாட்டத் தளம் ஒன்றைத் தம் காணொளிகளில் புகழ்ந்து வந்த இரு யூடியூபர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. அத்தளத்தின் உரிமையாளர்களே அவர்கள்தாம் என்பதைப் பார்வையாளர்களுக்குச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. தற்புகழ்ச்சியும் விளம்பரமும் ஒன்றாகிவிடும் புள்ளி அது. வெளியார் எவரும் காசு கொடுக்காதபோதும் 'பணம் யாருடையது' என்ற கேள்வி உயிரோடிருக்கிறது என்பதை அவ்வழக்குக் காட்டியது.

இந்தியாவில் வானொலி அரசின் கையில் இருந்ததால், பணம் கொடுத்தவர் யார் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் சுருங்கியது. நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினர். அங்கிருந்து 1952 முதல் ஒலித்த இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியின் பெயர் 'பினாகா கீத்மாலா'. பினாகா ஒரு பற்பசை. அமீன் சயானியின் குரலைக் கேட்க எந்தக் குறிப்புப் பலகையும் தேவைப்படவில்லை. பணம் கொடுத்தவர் பெயர் நிகழ்ச்சியின் தலையிலேயே எழுதியிருந்தது. மறைத்துச் செய்யும் விளம்பரத்தைவிட இப்படி ஊரறியச் செய்யும் விளம்பரம் எவ்வளவோ நாகரிகமானது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் 'விளம்புதல்' என்றாலே வெளிப்படச் சொல்லுதல்தானே. மறைவான விளம்பரம் என்பது சொல்லளவிலேயே முரண்.

நேயர்களோடு வருவாயும் கடல் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அரசு, 1967 நவம்பரில் விவித் பாரதியில் விளம்பரங்களை அனுமதித்தது. 1976 ஜனவரி 1 முதல் தொலைக்காட்சியிலும் அவை வந்தன. 1984இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஹம் லோக்' தொடருக்கு மேகி நூடுல்ஸ் தயாரித்த நிறுவனம் ஆதரவளித்தது. 'இந்நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவோர்' என்ற தொடர் தமிழ் வீடுகளிலும் காதுக்குப் பழகிப்போனது அதன் பிந்தைய ஆண்டுகளில்தான். 'வழங்குதல்' என்ற வினையைக் கவனிக்க வேண்டும். விற்பவர் கொடையாளியாகத் தோன்றும் மொழி அது. எனினும் கொடையாளியின் பெயர் ஒளிக்கப்படவில்லை.

தனியார் அலைவரிசைகள் வந்தபின் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகள் 1994இல் எழுதப்பட்டன. அவற்றின் 7ஆம் விதி, விளம்பரமும் நிகழ்ச்சியும் தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும், நிகழ்ச்சிக்குள் விளம்பரம் குறுக்கிடக் கூடாது என்கிறது. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பதும் அவ்விதியிலேயே உண்டு. 1985இல் விளம்பரத் துறையினர் தாமே அமைத்துக்கொண்ட ஆஸ்கியின் ஒழுக்க நெறிகள் 2006இல் இவ்விதிக்குள் ஏற்கப்பட்டன. தன்னார்வ நெறி ஒன்று அரசாணையின் வலுவைப் பெற்றது இவ்வாறே. திரைக்கு விதி வந்துவிட்டது. அச்சுக்கு?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2009 மக்களவைத் தேர்தலிலும் மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலிலும் வேட்பாளர்களிடம் காசு வாங்கிக்கொண்டு அவர்களைப் புகழ்ந்து எழுதியவற்றைச் செய்தியாகவே அச்சிட்ட வழக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. பி. சாய்நாத் 'தி இந்து' நாளிதழில் எழுதிய கட்டுரைகள் அதில் முதன்மையானவை. ஒரே வாசகம், ஒரு சொல் மாறாமல், போட்டி நாளேடுகளில் வெவ்வேறு செய்தியாளர் பெயரோடு வந்திருந்தது. பிரஸ் கவுன்சில் பரஞ்சாய் குகா தாகுர்தா, கே. சீனிவாச ரெட்டி இருவரையும் கொண்ட துணைக்குழுவை அமர்த்தியது. அவர்கள் இதழ்களின் பெயர்களைக் குறிப்பிட்டு 71 பக்க அறிக்கை தந்தனர். 2010 ஜூலையில் கவுன்சில் வெளியிட்டதோ சுருக்கப்பட்ட வேறோர் ஆவணம். முழு அறிக்கை மத்தியத் தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு, 2011இல்தான் பொதுமக்கள் கண்ணுக்கு வந்தது. பணம் கொடுத்தவர் யார் என்று கேட்கப் புறப்பட்ட அமைப்பே, பணம் வாங்கியவர் பெயரைச் சொல்லத் தயங்கியது.

ஆனால் அந்த ஆவணத்திலிருந்து ஒரு வரையறை மிஞ்சியது: பணமாகவோ பொருளாகவோ கைம்மாறு பெற்று வெளியாகும் செய்தியோ அலசலோ 'காசுச் செய்தி' எனப்படும். 'பொருளாகவோ' என்ற அச்சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னர் அது மீண்டும் வரும். 2011 அக்டோபரில் தேர்தல் ஆணையம் உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரை, இத்தகைய செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டாததற்காக, மூன்றாண்டுகள் தகுதிநீக்கம் செய்தது. செய்தியை விற்ற தரப்புக்கு? 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரஸ் கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. காசுச் செய்தியைத் தேர்தல் குற்றமாக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கேட்டது. 2015இல் சட்ட ஆணையமும் தன் 255ஆம் அறிக்கையில் அதையே பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அப்படியொரு சட்டத்தை இயற்றவில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தை அகற்றிவிட்டு 2023இல் புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் வந்தது. காலனியச் சுமையை இறக்கிவைத்ததாக அது பாராட்டப்பட்டது. மூன்றாவது கேள்வியை அதுவும் கேட்கவில்லை.

இந்தப் பின்னணியில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், பொருளைப் பரிந்துரைப்பவரை முதன்முறையாகச் சட்டப் பொறுப்புக்குள் கொண்டுவந்தது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு வரை எப்பொருளையும் பரிந்துரைக்கத் தடை. திரும்பவும் செய்தால் மூன்றாண்டு வரை. சொல்லும் கூற்று உண்மைதானா என்று உரிய அக்கறையோடு சரிபார்த்தவருக்கு இத்தண்டனை இல்லை. 2022 ஜூன் 9 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள 'பொருள்சார் தொடர்பு' வெளிப்படுத்தப்பட வேண்டும் என்றன. 2023 ஜனவரி 20 அன்று நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட விளக்கக் கையேடு அதை இன்னும் விரித்தது. கையில் வந்த பணம் மட்டும் தொடர்பு அன்று. இலவசமாக வந்த பொருள், விடுதித் தங்கல், பயணம், தள்ளுபடி, பரிசு, உறவுமுறை, பங்குரிமை யாவும் தொடர்பே. காணொளியில் அதை எழுத்திலும் குரலிலும் சொல்ல வேண்டும். கீழே உள்ள விவரப் பெட்டியில் புதைத்துவிட்டுப் போகக் கூடாது.

அதே 2022 ஜூனில் இன்னொரு துறை ஓசையின்றி ஒரு காரியம் செய்தது. வருமான வரிச் சட்டத்தில் புதிதாகச் சேர்ந்த 194ஆர் பிரிவு, தொழில்வழி வரும் பயன்களின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 விழுக்காடு வரிப்பிடித்தம் உண்டு என்றது. சமூக ஊடகச் செல்வாக்காளருக்கு விமர்சனத்துக்காகக் கொடுக்கப்படும் கார், தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றின் நிலை என்ன? ஜூன் 16ஆம் தேதியிட்ட சுற்றறிக்கை விடை சொன்னது: திருப்பிக் கொடுத்தால் பயன் இல்லை, வைத்துக்கொண்டால் பயன் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரஸ் கவுன்சில் வரையறையில் இருந்த 'பொருளாகவோ' என்ற சொல் இங்கே வரித்துறையின் மொழியில் திரும்பி வருகிறது. 'அவர்கள் அனுப்பிவைத்தார்கள், ஆனால் இது என் சொந்தக் கருத்து' என்று காணொளியில் சொல்பவரின் கருத்துக்கு வரித்துறை விலை குறித்துவிட்டது. இந்த ஆவணங்களை அருகருகே வைத்து எழுதப்பட வேண்டிய ஆய்வு இன்னும் காத்திருக்கிறது என்பேன்.

பங்குச்சந்தைத் துறையில் கதை வேறு. சாதனா பிராட்காஸ்ட் நிறுவனத்தைப் பற்றி 2022 ஜூலையில் யூடியூபில் பரப்பப்பட்ட பொய்யான காணொளிகள், சிறு முதலீட்டாளர்களைப் பங்கு வாங்கத் தூண்டி விலையை ஏற்றின. ஏறிய விலையில் உள்வட்டத்தார் விற்றுக்கொண்டு போனார்கள் என்று 2023 மார்ச் 2 அன்று செபி இடைக்கால ஆணை பிறப்பித்தது. அங்கே 'விளம்பரம்' என்னும் குறிப்பு மூன்று வினாடி நின்றிருந்தால் எவருக்கும் பயனில்லை. செபி அதை உணர்ந்து குறிப்புச் சொல்லை விட்டுவிட்டுப் பணத்தின் வழியையே அடைத்தது. பதிவு பெறாமல் அறிவுரை வழங்குவோருடன் தன்னிடம் பதிவு பெற்ற நிறுவனங்கள் எந்தத் தொடர்பும் வைக்கக் கூடாது என்று 2024 ஆகஸ்டில் விதித்தது. பங்குக் கல்வி என்ற பெயரில் பேசுவோர் கடந்த மூன்று மாத விலைகளைக் காட்டக் கூடாது என்று 2025 ஜனவரியில் சொன்னது. வெளிப்படுத்தினால் போதும் என்ற கொள்கையின் எல்லை எது என்று மாணவர்கள் கேட்டால் இந்த இரண்டு ஆணைகளையே காட்டுவேன்.

இனித் தளத்தின் பக்கம். யூடியூபின் இப்போதைய விதிப்படி, காசு பெற்ற விளம்பரம் இருந்தால் பதிவேற்றுபவர் ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். காணொளியின் தொடக்கத்தில் சுமார் 10 வினாடி ஓர் அறிவிப்பு தோன்றும். விளம்பரப் பகுதி பதினான்காம் நிமிடத்தில் வருமானால்? ஆஸ்கி கேட்பது அப்பகுதி முழுவதும். தளம் தருவதோ முதல் 10 வினாடி. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைப் பதிவேற்றுபவர்தான் நிரப்பியாக வேண்டும். அதே தளம் இன்னொரு விதியில் மிகக் கறாராக இருக்கிறது: நிறுவனங்கள் தயாரித்துக் கொடுக்கும் விளம்பரப் படங்களைக் காணொளிக்குள் ஒட்டிவைக்கக் கூடாது. காரணம் நுகர்வோர் நலன் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. விளம்பரப் படத்தை விற்பது கூகுளின் சொந்தக் கடை. அதன் வாசலில் வேறொருவர் கடை விரிப்பதை அது பொறுக்காது. நேர்மைக்கான விதி தளர்ந்தும் வருவாய்க்கான விதி இறுகியும் இருப்பது தற்செயல் அன்று.

ஆக, மூன்றாவது கேள்வி இன்று இந்தியாவில் முழு அதிகாரத்தோடு கேட்கப்படுவது யாரிடம்? அறையில் விளக்கு வைத்து முகப்பூச்சு விமர்சனம் செய்யும் தனிநபரிடம். அவரிடம் கேட்பது சரியே. அதில் எனக்கு ஐயமில்லை. அவரை நம்பிப் பொருள் வாங்குபவர் பெரும்பாலும் அவரினும் வறியவர். ஆனால் தேர்தல் காலத்தில் செய்திப் பக்கத்தை விற்கும் நிறுவனத்திடம் இதே கேள்வி வெறும் கண்டனமாகத் தேய்ந்துவிடுகிறது. காணொளித் தளத்திடமோ ஒரு குறியீட்டுக் கட்டத்தோடு நின்றுவிடுகிறது.

அரசே பணம் கொடுப்பவராக வரும்போது கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. உத்தரப் பிரதேச அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஏற்ற எண்மிய ஊடகக் கொள்கை, அரசுத் திட்டங்களைப் பரப்பும் காணொளிகளுக்கு யூடியூபில் மாதம் 8 லட்சம் ரூபாய் வரை தரலாம் என்கிறது. மத்திய அரசும் 2023 நவம்பரில் எண்மிய விளம்பரக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நுகர்வோர் சட்டமோ பொருள், சேவை என்ற சொற்களைச் சுற்றிக் கட்டப்பட்டது. ஒரு நலத்திட்டத்தைப் புகழும் காணொளி அச்சொற்களுக்குள் அடங்குமா? கட்சியிடம் கட்டணம் பெற்று எடுக்கும் 'நேர்காணல்' அடங்குமா? கட்சிகளும் வேட்பாளர்களும் சமூக ஊடகத்தில் தரும் விளம்பரங்களுக்கு முன்சான்று வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013இலேயே சொன்னது. நேர்காணலின் உருவில் வருவதை அது எப்படி அடையாளம் காணும்? 2009இல் அச்சில் எழுந்த அதே சிக்கல், அதே விடையின்மையோடு, திரைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.

இத்துறையில் ஆய்வு செய்ய எண்ணும் மாணவர்களுக்குச் செய்முறைக் குறிப்பு ஒன்று. 1960களின் இதழ் ஒன்றில் பங்குதாரர் யார் என்பதை இன்றும் நூலகத்தில் கட்டமைத்த தொகுதியின் மார்ச் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடலாம். காணொளியில் அது நடவாது. விவரப் பெட்டியை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், விளம்பரக் குறியை ஒரே சொடுக்கில் எடுத்துவிடலாம், காணொளியையே நீக்கிவிடலாம். ஆகவே நீங்கள் தரவாகக் கொள்ளும் ஒவ்வொரு காணொளியையும் பார்த்த நாளன்றே விவரப் பெட்டி, தொடக்க அறிவிப்பு, விளம்பரப் பகுதியின் நேரக்குறிப்பு ஆகியவற்றோடு படியெடுத்து, தேதியிட்டு வையுங்கள். 2021 ஜூனுக்கு முந்தைய தமிழ்க் காணொளிகளை அப்படிச் சேகரித்து வைத்திருப்போர் எவரேனும் இருந்தால் கீழே தெரிவிக்கவும். குறிப்பு வைக்கும் வழக்கம் வருவதற்கு முன் தமிழில் என்னென்ன சொற்களால் இவ்விளம்பரங்கள் சுட்டப்பட்டன என்பதைத் தொகுக்க விரும்புகிறேன்.